வெறுங்கூண்டும் மறதியும்

ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிகள் வளர்க்கப்படும் கூண்டு, செருப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுதான்: அடியில் மரச்சீவல், மேலே கம்பி மூடி, மூடியின் பள்ளத்தில் தீவன உருண்டைகள், சாய்த்துச் செருகிய தண்ணீர்ப் புட்டி. அதில் பிறந்து அதிலேயே மடியும் சுண்டெலிக்கு இரை தேடி அலைய வேண்டியதில்லை, வழி தவறவும் இடமில்லை, நேற்றுக் கண்டதற்கும் இன்று காண்பதற்கும் வேறுபாடு ஏதுமில்லை. இதற்கு மாறாக, பன்மடங்கு பெரிய கூண்டொன்றில் பல எலிகளை ஒன்றாக விட்டு, ஏணியும் குழாய்ப் பொந்தும் ஓடுசக்கரமும் மரக்கட்டைகளும் உள்ளே வைத்து, அவை பழகிப் புளித்துப்போவதற்குள் எடுத்துவிட்டு வேறு பொருள்களை வைத்துக்கொண்டே வந்தால், அதனை 'வளமூட்டிய சூழல்' என்று நரம்பறிவியலார் அழைக்கின்றனர். இவ்விரு கூண்டுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு மூளையின் எடையையும் கட்டமைப்பையும் மாற்றுகிறது என்பது கடந்த அறுபது ஆண்டுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்ட முடிவு. அல்சைமர் நோய்க்கு இலக்கான மூளையில் அதே வேறுபாடு என்ன செய்கிறது என்பதோ, இன்னும் விவாதம் ஓயாத கேள்வி.

இந்த ஆராய்ச்சியின் தொடக்கம் ஒரு வீட்டில் நிகழ்ந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டொனால்ட் ஹெப், சில எலிகளைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் செல்லப் பிராணிகளாக வளரவிட்டுப் பின்னர்ச் சோதித்தபோது, வீட்டில் ஓடித் திரிந்த எலிகள் கூண்டிலேயே வளர்ந்தவற்றைவிடப் புதிர்வழிகளை விரைவில் கற்றன என்று 1947இல் தெரிவித்தார். அதனை முறையான ஆய்வாக மாற்றியவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்க் ரோசன்ஸ்வைக், டேவிட் கிரெச், எட்வர்ட் பென்னட், மரியன் டயமண்ட் ஆகிய நால்வர். முதலில் அவர்கள் தேடியது மூளையின் ஒரு நொதியில் ஏற்படும் மாற்றத்தைத்தான். ஆனால் நொதியை அளப்பதற்காக மூளைத் துண்டுகளை எடைபோட்டபோது, வளமூட்டிய கூண்டில் வாழ்ந்த எலிகளின் பெருமூளைப் புறணி, அதாவது மூளையை மேலுறையாகப் போர்த்தியிருக்கும் சாம்பல்நிற அடுக்கு, தனிக்கூண்டில் அடைபட்டவற்றின் புறணியைவிடக் கனமாக இருந்தது தெரியவந்தது. உடற்கூறியலாளரான டயமண்ட் அந்தப் புறணியை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் அளந்து, அதன் தடிமனே கூடியிருக்கிறது என்பதை 1964இல் வெளியிட்டார். வளர்ந்து முடிந்த மூளை மாறாது என்பது பாடநூல்களில் ஐயமின்றி அச்சிடப்பட்டிருந்த காலம் அது. ஆகவே அந்த முடிவை ஏற்கப் பலர் தயங்கினர். மனிதக் கணக்கில் கிழப்பருவம் எய்திய எலிகளிடத்தும் இதே மாற்றம் நிகழ்வதைப் பிற்காலத்தில் டயமண்ட் காட்டினார் என்பது, முதுமையில் வரும் ஒரு நோயைப் பற்றிப் பேசும்போது நினைவில் கொள்ளத்தக்கது.

தடிமன் எதனால் கூடுகிறது என்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிரீனோ விளக்கினார். நரம்புச் செல் ஒவ்வொன்றும் மரம்போலக் கிளைவிட்டிருக்கும். ஒரு செல்லின் முனை மற்றொன்றின் கிளையை நெருங்கிச் செய்தி கைமாறும் நுண்ணிய இடைவெளிக்குச் சினாப்ஸ், தமிழில் நரம்பிணைப்பு, என்று பெயர். வளமூட்டிய சூழலில் வாழ்ந்த எலிகளின் பார்வைப் புறணியில் கிளைகள் அடர்ந்திருந்தன. செல் ஒன்றுக்கான நரம்பிணைப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுந்திருந்தன. 1997இல் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ட் கெம்பர்மன், ஃபிரெட் கேஜ் ஆகியோர் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் வளமூட்டிய சூழல் புதிய நரம்புச் செல்களையே கூடுதலாகப் பிழைத்திருக்கச் செய்கிறது என்று சுண்டெலிகளில் காட்டினர். இரு காதுகளுக்கும் நேர் உள்ளே, கடற்குதிரை வடிவில் சுருண்டு கிடக்கும் இந்த ஹிப்போகாம்பஸ்தான் அன்றன்றைய நிகழ்ச்சிகளை நினைவாகப் பதிவு செய்யும் இடம். அல்சைமர் நோய் முதலில் அரிக்கத் தொடங்கும் இடங்களுள் ஒன்றும் அதுவே.

இத்தனை ஆய்வுகளுக்கிடையே அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 1975இல் பெர்க்லி குழுவினர், பொருள்கள் நிறைந்த பெரிய கூண்டுக்குள்ளேயே சிறு கம்பிக்கூண்டு ஒன்றைப் பொருத்தி, அதில் சில எலிகளை அடைத்தனர். அவை சுற்றிலும் நடப்பது எல்லாவற்றையும் பார்த்தன, கேட்டன, மோப்பம் பிடித்தன. ஆனால் எதையும் தொடவோ ஏறவோ கடிக்கவோ அவற்றால் முடியவில்லை. சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, சுற்றித் திரிந்த எலிகளின் மூளை வழக்கம்போல் கனத்திருக்க, வேடிக்கை பார்த்த எலிகளின் மூளையில் அந்த மாற்றம் ஏற்படவே இல்லை. நாளெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி முன் அமர்த்திவைக்கப்படும் முதியவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றனர் என்று எண்ணிப் பார்க்கும் எவருக்கும், இந்தச் சோதனை வெறும் எலிக்கதையாகத் தோன்றாது.

அல்சைமர் நோயின் இயல்பை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1901இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண் ஒருவரைக் கவனித்துவந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், அவர் இறந்த பின் மூளையை ஆராய்ந்து, செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகளையும் உள்ளே முறுக்கிய நூற்சிக்கல்களையும் கண்டு, 1906 நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் அறிவித்தார். வெளியே படிவது அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்கு. உள்ளே சிக்குண்டு கிடப்பது டௌ என்ற மற்றொரு புரதம். மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. ஆயினும் படிவு எவ்வளவு என்பதற்கும் நினைவு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் உள்ள பொருத்தம் மிகத் தளர்வானது. 1991இல் ராபர்ட் டெர்ரி குழுவினர் காட்டியபடி, நினைவிழப்போடு நெருங்கிப் பொருந்துவது நரம்பிணைப்புகளின் இழப்பே. ஆக, வளமூட்டிய சூழல் வளர்ப்பதும் அல்சைமர் நோய் அழிப்பதும் ஒன்றேயாகிய நரம்பிணைப்புகளைத்தான். இரண்டையும் ஒரே மூளையில் மோதவிட்டால் எது வெல்லும் என்று அறிய ஆய்வாளர்கள் விரும்பியது இயல்பே.

சுண்டெலிகளுக்கு இயற்கையில் அல்சைமர் நோய் வருவதில்லை. பரம்பரையாக இந்நோய் வரும் சில மனிதக் குடும்பங்களில் காணப்படும் பிழையான மரபணுக்களைச் சுண்டெலியின் கருவில் புகுத்தினால், அது வளர்ந்த சில மாதங்களில் மூளையில் அமிலாய்டு திட்டுகள் தோன்றும். இத்தகைய சுண்டெலிகளை வளமூட்டிய கூண்டில் வளர்த்த ஜோனா ஜான்கோவ்ஸ்கி குழுவினர் 2003இல் வெளியிட்ட முடிவு எல்லோரையும் திடுக்கிடவைத்தது: அமிலாய்டு குறையவில்லை, மாறாக, கூடியிருந்தது. இரண்டே ஆண்டுகளில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஓர்லி லசாரோவ், சங்ராம் சிசோடியா ஆகியோர் ஏறத்தாழ அதே வகைச் சுண்டெலிகளை வைத்து நேர்மாறான முடிவை வெளியிட்டனர். அவர்களுடைய கூண்டில் அமிலாய்டு கணிசமாகக் குறைந்திருந்தது. அமிலாய்டைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதி சுறுசுறுப்படைந்திருந்தது. ஓடுசக்கரத்தில் அதிகம் ஓடிய சுண்டெலிகளிடம் படிவு மிகக் குறைவாக இருந்தது.

ஒரே கேள்விக்கு இரு நேரெதிர் விடைகள் வருமாயின், அறிவியலில் ஒருவர் பொய்யர் என்று பொருளில்லை. கேள்வியில் ஏதோ பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்றே பொருள். வளமூட்டிய சூழல் என்ற ஒற்றைப் பெயருக்குள் ஓட்டம், புதுமை, கூட்டு வாழ்க்கை, சற்றே மன அழுத்தம் ஆகிய பலவும் பொதிந்திருக்கின்றன. ஒரு குழுவின் கூண்டில் இருந்தவை பெண் சுண்டெலிகள். இவ்வகையில் பெண்களுக்குப் படிவு விரைவாக ஏறும். எத்தனை மணி நேரம் பெரிய கூண்டில் விடப்பட்டன, எவ்வயதில் தொடங்கினர் என்பவையும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டன. இவ்வேறுபாடுகளுக்குள் புகுந்து விவாதம் நீண்டுகொண்டிருக்கும்போதே, 2005இல் ஜான்கோவ்ஸ்கி மீண்டும் ஒரு முடிவை வெளியிட்டார். இந்த வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் அதுவே என்று சொல்லலாம். தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடி நீந்தும் சோதனையில், வளமூட்டிய கூண்டின் நோய்ச் சுண்டெலிகள், மூளையில் அமிலாய்டு குறையாத நிலையிலும், வெறுங்கூண்டில் வளர்ந்த நோயற்ற சுண்டெலிகளுக்கு நிகராக வழி கண்டுபிடித்தன. குப்பை அள்ளப்படவில்லை, ஆனால் தெருவில் போக்குவரத்து நடந்தது.

அது எப்படி இயலும் என்பதற்கு இரு ஆய்வுகள் ஒளி தருகின்றன. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் டென்னிஸ் செல்கோ குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அமிலாய்டின் கரையும் சிறு கொத்துகள் ஹிப்போகாம்பஸின் நரம்பிணைப்புகளை வலுப்பெறவிடாமல் தடுப்பதையும், வளமூட்டிய சூழலில் சில வாரங்கள் வாழ்ந்த சுண்டெலிகளின் மூளையில் அந்தத் தடை பலிக்காமல் போவதையும் கண்டனர். ஓட்டத்தையும் புதுமையையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, இதற்குப் பெரிதும் காரணமானது ஓடுசக்கரம் அன்று, அடிக்கடி மாறும் புதிய பொருள்களே என்று தெரிந்தது. எதிர்பாராததைக் காணும் கணத்தில் மூளை சுரக்கும் நார்அட்ரினலின், பீட்டா அட்ரினலின் ஏற்பி என்ற புரதத்தின் வழியே நரம்பிணைப்புகளுக்குக் காப்பளிக்கிறது. அந்த ஏற்பியை மருந்தால் அடைத்துவிட்டால் காப்பும் மறைந்துபோகிறது. புத்தம் புதிய பொருளைக் கண்டு நிமிர்ந்து நோக்கும் அந்த ஒரு கண விழிப்புக்கு இவ்வளவு வேதியியல் பின்புலம் உண்டு.

மற்றொன்று, எம்ஐடியின் லீ-ஹுவே சாய் குழுவினர் 2007இல் வெளியிட்டது. நரம்புச் செல்கள் அழியத் தொடங்கி, முன்பு கற்றதைச் சுண்டெலிகள் மறந்துவிட்ட பிறகே அவை வளமூட்டிய கூண்டுக்கு மாற்றப்பட்டன. சில வாரங்களில், தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட பழைய நினைவு திரும்பிற்று. இறந்த செல்கள் உயிர்பெறவில்லை என்பதால், நினைவு அழிந்திருக்கவில்லை, அதை எட்டும் வழிதான் அடைபட்டிருந்தது என்று கருத வேண்டியதாயிற்று. செல்லுக்குள் மரபிழை, ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளின்மீது நூல்கண்டுபோலச் சுற்றப்பட்டிருக்கும்; சுற்று இறுகினால் மரபணுக்கள் மௌனமாகும், தளர்ந்தால் பேசும். வளமூட்டிய சூழல் அந்தச் சுற்றைத் தளர்த்துவதாக அவர்கள் கண்டனர். முற்றிய மறதியில் இருக்கும் முதியவர் ஒருவர், பேரனின் பெயரை மறந்த நிலையிலும் சில வேளைகளில் திடீரென்று பழைய செய்தி ஒன்றைத் துல்லியமாகச் சொல்லிக் குடும்பத்தாரை வியக்கவைப்பதுண்டு. அந்த அனுபவத்துக்கும் இந்தச் சோதனைக்கும் நேர்த்தொடர்பு நிறுவப்படவில்லை என்றாலும், இரண்டும் ஒன்றையொன்று நினைவூட்டாமல் இரா.

சுண்டெலியிலிருந்து மனிதருக்கு வரும்போது, கூண்டை மாற்றிச் சோதிக்கும் வசதி இல்லாமற்போகிறது. மனிதர்களைப் பொறுத்தவரை முதல் துப்பு பிணக்கூறாய்விலிருந்து கிடைத்தது. 1988இல் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர், முதியோர் காப்பகம் ஒன்றில் வாழ்ந்து இறந்த 137 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது, அவர்களுள் பத்துப் பேரின் மூளையில் அல்சைமர் நோயின் தடயங்கள் தெளிவாக இருந்தும், வாழ்நாளில் அவர்கள் தெளிந்த நினைவுடன் இருந்தது தெரியவந்தது; அவர்களுடைய மூளைகள் ஒப்பீட்டில் கனமாகவும், பெரிய நரம்புச் செல்கள் மிகுந்தும் இருந்தன. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய கன்னியர் ஆய்வு இதனை இன்னும் விரிவாக்கிற்று. ஒரே சபையைச் சேர்ந்த 678 கன்னியர் அதில் பங்கேற்றனர். ஒரே உணவு, ஒரே வகை உறைவிடம், மது புகை இரண்டும் அரிது என்பதால் ஒப்பீட்டுக்கு அவர்கள் ஏற்றவர்கள். அவர்களுள் பலர் ஏறத்தாழ 22 வயதில், சபையில் சேரும்போது, தம் கையால் எழுதிய சுருக்கமான தன்வரலாறுகள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. அந்த எழுத்தில் சொல்லுக்குச் சொல் கருத்து செறிந்திருந்தவர்களுக்கு, அறுபது ஆண்டுகள் கழித்து மறதி நோய் குறைவாகவே வந்திருந்தது. 101 வயதில் இறந்த ஒரு கன்னியரின் மூளையில் அமிலாய்டு திட்டுகள் நிறைந்திருந்தும், இறுதிவரை அவர் சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவந்தார்.

இத்தகைய நிலைக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் ஸ்டெர்ன் அளித்த பெயரை 'அறிவாற்றல் கையிருப்பு' என்று தமிழில் சொல்லலாம். கல்வி, சிந்தனையைக் கோரும் தொழில், பலரோடு பழகும் வாழ்க்கை ஆகியவற்றால் மூளையில் மாற்றுப்பாதைகள் பெருகுகின்றன. ஒரு பாதை அடைபட்டாலும் வேலை வேறு வழியில் நடக்கிறது. கையில் இருப்பு உள்ள குடும்பம் ஓராண்டு விளைச்சல் பொய்த்தாலும் உடனே கடனுக்குப் போவதில்லை என்பதைப் போன்றது இது. 1994இல் வடக்கு மன்ஹாட்டனில் 593 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து ஸ்டெர்ன் வெளியிட்ட ஆய்வில், கல்வி குறைந்தவர்களுக்கு மறதி நோய் வரும் இடர் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கையிருப்புக்கு மறுபக்கமும் உண்டு. இருப்பு மிக்கவர்களுக்கு நோய் வெளியே தெரியும்போது மூளைச் சேதம் ஏற்கெனவே முற்றியிருப்பதால், அதன்பின் அவர்களின் சரிவு மற்றவர்களைவிட விரைவாக நிகழ்கிறது. நேற்றுவரை கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த ஆசிரியர் ஓரிரு ஆண்டுகளில் இவ்வளவு மாறிவிட்டாரே என்று உறவினர் திகைப்பதற்கு இது ஒரு விளக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நடனமாடுபவர்கள், பலகை விளையாட்டுகளில் ஈடுபடுபவர்கள், இசைக்கருவி வாசிப்பவர்கள், நூல் படிப்பவர்கள் ஆகியோருக்கு மறதி நோய் குறைவாக வந்தது என்று ஜோ வெர்கீஸ் குழுவினர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயது கடந்த 469 பேரை வைத்து 2003இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. ஆனால் நடனம் நோயைத் தடுத்ததா, நோய் தொடங்கிவிட்டதால் நடனம் நின்றதா? பிரிட்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு, மறதி நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பிருந்தே அத்தகையோரின் உடல் இயக்கம் குறையத் தொடங்குகிறது என்று 2017இல் காட்டிற்று. அதாவது, சோம்பல் சில வேளைகளில் நோயின் காரணமாக அன்றி அதன் முதல் விளைவாகவே இருக்கக்கூடும். குறுக்கெழுத்துப் புதிர் போட்டால் மறதி வராது என்று அடித்துச் சொல்பவர்களும், மூளைப் பயிற்சிச் செயலிகளைச் சந்தா கட்டி விற்பவர்களும் இந்த நுட்பத்தை மறைத்துவிடுகின்றனர்.

எனவே, ஒரு பிரிவினருக்குக் கொடுத்து மற்றொரு பிரிவினருக்குக் கொடுக்காமல் ஒப்பிடும் சோதனைகளே நம்பத்தக்கவை. பின்லாந்தில் மீயா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை வைத்து இரண்டு ஆண்டுகள் நடந்த ஃபிங்கர் ஆய்வில், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவை ஒரு பிரிவினருக்கு ஒருங்கே அளிக்கப்பட்டன. பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் அறிவாற்றல் மதிப்பெண் 25 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது என்று 2015இல் தெரிவிக்கப்பட்டது. லான்செட் இதழின் ஆணையம் 2024இல் தொகுத்த பட்டியலில், மாற்றத்தக்க 14 இடர்க்காரணிகள் இடம்பெற்றன. அவை அனைத்தும் நீங்கினால் உலகின் மறதி நோயில் 45 விழுக்காட்டளவு தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அவர்களின் மதிப்பீடு. அந்தப் பட்டியலில் இளமையில் கல்வியின்மை, தனிமை, உடலுழைப்பின்மை ஆகியவற்றோடு, செவித்திறன் குறைவும் பார்வைக் குறைவும் இருக்கின்றன. இவ்விரண்டும் இருப்பதில் வியப்பில்லை. காது மந்தமாகிப் பேச்சு புரியாதவர் கூட்டத்தின் நடுவே அமர்ந்திருந்தாலும், கண்புரை முற்றியவர் எவ்வளவு வண்ணமயமான வீட்டில் வாழ்ந்தாலும், அவர்கள் இருப்பது அந்தச் சிறு கம்பிக்கூண்டில்தான். அவ்வகையில் காதுக் கருவியும் கண்புரை அறுவையும் சூழலை வளமூட்டும் செயல்களே. நாள்தோறும் ஒரு புதிரைக் கையில் திணிப்பதைவிட அவை பயன் மிக்கவை.

இவ்வளவையும் பார்த்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது: உண்மையில் இந்தச் சோதனைகள் அளந்தது எதனை? ஏணியும் குழாயும் வைத்த கூண்டு, வயல் வரப்பில் திரியும் எலியின் வாழ்க்கையோடு ஒப்பிட்டால் ஏழ்மையானதே. அப்படியானால் 'இயல்பு' என்று பெயரிட்டு ஒப்பிட்ட வெறுங்கூண்டுதான் இயல்புக்கு மாறானது. வளமூட்டல் மூளைக்கு மிகையாக எதையும் கொடுக்கவில்லை, பறிக்கப்பட்டதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது என்று கொள்வதே பொருந்தும். விலங்காய்வாளர் பலர் இக்கருத்தை நெடுநாளாகச் சொல்லிவருகின்றனர். நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கும் இதன் பொருள் பெரிது. மறதி நோய் உறுதியான நாளிலிருந்து, அடுப்படிக்குப் போகாதீர்கள், கடைக்கு நாங்கள் போகிறோம், நீங்கள் பேசாமல் உட்காருங்கள் என்று அன்பினாலேயே ஒவ்வொன்றாகப் பறிக்கப்படுவது வழக்கம். தீப்பற்றும் அபாயமும் வழி தவறும் அபாயமும் கற்பனையல்ல. எனினும் கீரை ஆய்வதிலும் துணி மடிப்பதிலும் வெங்காயம் உரிப்பதிலும் அப்படி ஓர் அபாயமும் இல்லை.

நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமை அடுத்த வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் முழுமை பெற்ற ஹோக்வெய்க் குடியிருப்பு இந்த எண்ணத்தின்மீது எழுந்ததே. முற்றிய மறதி நோயுள்ளவர்கள், ஆறேழு பேர் கொண்ட வீடுகளில் வாழ்கின்றனர். தெரு, சதுக்கம், பல்பொருள் கடை, உணவகம், அரங்கு எல்லாம் மதிலுக்குள் உண்டு. வெளியேறும் வாயில் ஒன்றே ஒன்று. மழை பெய்தால் நனைய நேரும், கடைக்குப் போனால் நடக்க நேரும். நோயின் போக்கை அது மாற்றுகிறது என்று எவரும் நிறுவவில்லை. அதை மருந்தாகக் கருதவும் வேண்டியதில்லை. எல்லோருக்கும் கட்டுப்படியாகும் ஏற்பாடும் அதுவன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தூண்டல் என்றதும் இரைச்சலை நிரப்பிவிடக் கூடாது. ஒரே நேரத்தில் தொலைக்காட்சியும் பலர் பேச்சும் கலந்து ஒலிப்பதோ, கோலங்கோலமாய்ப் பளபளக்கும் தரையோ இந்நோயாளிகளைக் கலவரப்படுத்தும். எலிகளுக்கும் நெரிசல் ஓர் எல்லையைத் தாண்டினால் அழுத்தமாகவே முடிந்தது.

மிகையான செலவின்றிச் செய்யக்கூடியதாகவும், ஒப்பீட்டுச் சோதனையில் தேறியதாகவும் இருப்பது, பிரிட்டனில் எய்மி ஸ்பெக்டர், மார்ட்டின் ஓரல், பாப் உட்ஸ் ஆகியோர் வகுத்த அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை. மிதமான மறதி நோயுள்ள ஐந்து முதல் எட்டுப் பேர், வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம், ஏழு வாரங்களில் பதினான்கு அமர்வுகளாகக் கூடுகின்றனர். ஒலிகள், இளமைக்கால வாழ்க்கை, உணவு, நாட்டு நடப்பு, பணம், சொல் விளையாட்டு என ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு பொருள் உண்டு. 201 பேர் பங்கேற்று 2003இல் வெளியான சோதனையில் நினைவும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அறிவாற்றலில் கிடைத்த பயன், அந்நாளில் இந்நோய்க்கு அளிக்கப்பட்ட மாத்திரைகளின் பயனுக்கு ஏறக்குறைய இணையாக இருந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல்களிலும் அது இடம்பெற்றது. 60 வயது கடந்தவர்களுள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக மதிப்பிடப்பட்டுள்ள இந்தியாவுக்கு இத்தகைய எளிய முறைகள் மிகவும் வேண்டியவை என்பதால், சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள் அதனை இங்குள்ள பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றி முன்னோட்டமாக நடத்தி, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர்.

மாற்றத்தின் தேவை வெளிப்படையானது. ஆங்கிலேயர் காலைச் சிற்றுண்டியைப் பற்றிய படம் இங்கே எவருக்கும் எதையும் நினைவூட்டாது. பவுண்டும் பென்னியும் கணக்குப் பயிற்சிக்கு உதவா. ஆனால் அச்சிகிச்சையின் அடிப்படை விதி எந்த ஊருக்கும் மாறாது: தகவலைக் கேட்கக் கூடாது, கருத்தைக் கேட்க வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், நினைவில்லாதவர் முகம் சுருங்கித் தலைகுனிந்துவிடுகிறார். இரண்டு கிண்ணங்களை முன்னால் வைத்து, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி நல்லதா, கொத்தமல்லிச் சட்னி நல்லதா என்று கேட்டால், தொட்டு நாவில் வைத்துப் பார்த்து, ஒருவர் ஒன்றைச் சொல்வார், அடுத்தவர் மறுப்பார், மூன்றாமவர் இரண்டிலும் உப்பு குறைவு என்பார்.